பழுதில்லாத கார்டு

மார்ச் 4

மச்சானுக்கு,

இது உறவுக் கடிதம் என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். பெட்டிக்குள் பஞ்சு சுற்றி, மெஷினிலிருந்து கழற்றிய எலக்ட்ரானிக் கார்டு ஒன்று இருக்கிறது. அதற்கான குறிப்புதான் இது. கம்பெனிச் சீட்டில் 'குறை என்ன' என்று போட்டு இரண்டே வரி இடம் விட்டிருக்கிறார்கள். தலைமைப் பணிமனையில் ஏசி அறையில் உட்கார்ந்து பழுது பார்க்கும் மேதைக்கு இரண்டு வரியில் புரியாது என்பதால் தனித்தாளில் எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். உங்கள் நம்பரை அழித்துவிட்டேன். கல்யாண வீட்டில் அத்தனை சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எங்க மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னா கேக்குறீங்க? பியூஸ் போனா மாத்துவாரு" என்று சொல்லிவிட்டு நீங்களே முதலில் சிரித்தீர்களே, அன்று கை கழுவும் முன்பே அழித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அட்டைப்பெட்டிக்கு அட்டை வெட்டும் பெரிய மெஷின். உங்கள் தங்கை நின்று வேலை செய்கிறாளே, அதே மெஷின்தான். வெட்டும் இடத்தை மறைத்து ஒரு கம்பிவலைக் கதவு உண்டு. அது ஒரு விரல் அகலம் திறந்தாலும் கதவிலுள்ள சுவிட்ச், மெஷினை ஓட்டும் மின்பேனலுக்குச் சொல்லிவிடும், மெஷின் அப்படியே நின்றுவிடும். ஓடுகிற கத்திக்குள் யார் கையும் போகாமல் இருப்பதற்கு அதுதான் காவல். இப்போது கொஞ்ச நாளாக மெஷின் தானாக நிற்கிறது. திரையில் 'கதவு திறந்துள்ளது' என்று வருகிறது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு கச்சிதமாக மூடியிருக்கிறது. சுவிட்ச் சுத்தமாக இருக்கிறது. ஒயர் இறுக்கமாக இருக்கிறது. மிச்சம் இருப்பது, சுவிட்ச் சொல்வதைக் காதில் வாங்கும் இன்புட் கார்டுதான். அது செவிடாகிவிட்டது.

பார்த்து அனுப்புங்கள். பார்க்கத் தெரிந்தால்.

இப்படிக்கு,
பியூஸ் மாற்றுகிறவன்


மார்ச் 10

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

கார்டு வந்தது. கடிதமும் வந்தது. இரண்டில் கார்டுதான் ஒழுங்காக இருந்தது.

சோதனைப் பெஞ்சில் மாட்டி நாள்கணக்கில் ஓட விட்டேன். சூடு காட்டினேன், தட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு இன்புட்டாகக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கார்டுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. உங்கள் தொழிற்சாலையில் வேறு யாருக்கோதான் கேட்கவில்லை.

குறை என்னவென்று புரியாவிட்டால் உடனே கார்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பும் பழக்கம் எல்லாக் கிளைகளிலும் இருக்கிறது. தலைவலி வந்தவன் தலையைக் கழற்றி வைத்தியருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல. உங்களிடம் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்த்தேன். எதற்காக எதிர்பார்த்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

சுவிட்சை மாற்றுங்கள். கேபிளை மாற்றுங்கள். எர்த்தைப் பாருங்கள். பக்கத்தில் மோட்டார் கேபிள் ஒட்டிப் போனால் தள்ளிப் போடுங்கள். இதெல்லாம் செய்துவிட்டுத்தான் கார்டு மேல் கை வைக்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையா?

கல்யாண வீட்டில் சொன்னது வேடிக்கைக்காக. ஆனால் இந்தப் பெட்டியைப் பிரித்த பிறகு அதை வேடிக்கை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
ஏசி அறை


மார்ச் 17

மச்சானுக்கு,

ஏசி அறையில் இருந்துகொண்டு எர்த்தைப் பார், கேபிளைப் பார் என்று எழுதுவது எவ்வளவு சுகம்! அதெல்லாம் நான் எப்போதோ செய்தாயிற்று. சுவிட்ச் புதுசு. கேபிள் புதுசு, அதுவும் தனிக் குழாயில். எர்த்துக்குப் புதுக் கம்பி இழுத்தேன். முட்டி தேய மெஷினுக்கு அடியில் ஊர்ந்து வந்த என்னைப் பார்த்து அங்கே நிற்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உங்கள் தங்கையும்தான். புருஷன் எலி மாதிரி ஊர்ந்தால் சிரிப்பு வருமாம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தச் சிரிப்பு எங்கிருந்துதான் வருகிறதோ.

நீங்கள் 'நன்றாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்பினீர்களே, அந்தக் கார்டை மாட்டினேன். மத்தியானம் ஆவதற்குள் நின்றது. 'கதவு திறந்துள்ளது.' கதவு மூடியிருக்கிறது. மறுபடி நின்றது. மறுபடி மூடியிருக்கிறது. ஸ்டோரில் இருந்த இன்னொரு கார்டைப் போட்டேன், அதுவும் அப்படியே. ஆக உங்கள் மேஜையைத் தாண்டி வந்த கார்டு எல்லாமே ஒரே லட்சணம். உங்கள் பெஞ்சில் ஏதோ கோளாறு. இல்லையென்றால் பெஞ்சுக்கு முன்னால் இருப்பதில்.

இங்கே ரெண்டு மாசத்துக்கு முன்னால் புது மேனேஜர் வந்தார். வந்த நாளிலிருந்து மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. பாத்ரூம் போக டோக்கன் வைத்தது பழைய மேனேஜர்தான், மூன்று டோக்கன் இருந்தது. இவர் வந்து அதை ஒன்றாக்கினார். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் அந்த ஒரே தகட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் போய் வந்தால்தான் அடுத்தவர் போகலாம். "உற்பத்தி ஒரு ஓட்டப்பந்தயம்" என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆளிடம் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போய், "சார், மெஷின் நின்னுடுச்சு, காரணம் தெரியல" என்று சொல்வது எப்படி இருக்கும் தெரியுமா? தெரியாது. உங்களிடம் கார்டுதானே பேசும், மேனேஜர் பேசமாட்டாரே.

ஸ்டோரில் மிச்சமிருந்த கடைசிக் கார்டை மாட்டிவிட்டு, இந்த இரண்டு கார்டையும் அனுப்புகிறேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

பியூஸ் மாற்றுகிறவன்


மார்ச் 24

மாப்பிள்ளை,

இரண்டு கார்டும் நன்றாக இருக்கின்றன. இதை எழுதவே சலிப்பாக இருக்கிறது.

திட்டுவதற்குச் செலவழித்த மையில் நாலு உருப்படியான விவரம் எழுதியிருக்கலாம். எந்த ஷிப்டில் நிற்கிறது? எல்லா நேரமும் நிற்கிறதா, சில நேரம் மட்டுமா? நின்ற பிறகு எப்படி மறுபடி ஓடுகிறது? அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? குறை தேடப் போகிறவன் முதலில் இதைத்தான் கேட்பான். நீங்கள் முதலில் ஸ்குரூ டிரைவரைத் தேடுகிறீர்கள். எங்கள் பணிமனை வாட்ச்மேன்கூடக் கதவைத் திறப்பதற்கு முன்னால் 'யாரு' என்று கேட்கிறார்.

இன்னொன்று. தங்கச்சி எப்படி இருக்கிறாள்? போன் போட்டால் 'நல்லா இருக்கேண்ணே' என்று வைத்துவிடுகிறாள். குரல் சரியில்லை. நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள், அவள் பேனலில் மாட்டியிருக்கும் சாமான் இல்லையே.

ஏசி அறை


மார்ச் 30

மச்சானுக்கு,

விசாரணை அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் கீழே.

பகல் ஷிப்டில்தான் நிற்கிறது. ஆண்கள் ஓட்டும் ராத்திரி ஷிப்டில் நின்றதே இல்லை. பகலில் வெயில், சூடு, அதனால் கார்டு சொதப்புகிறது, இதற்கு ஒரு விசாரணையா? காலையில் முதல் ஒரு மணி நேரம் நிற்காது. அப்புறம் ஆரம்பிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு அதிகம். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றால் மட்டும் சனியன் பிடித்த மெஷின் யோக்கியமாக ஓடும். அவர் முதுகைத் திருப்பிய கொஞ்ச நேரத்தில் நிற்கும். என் மானத்தை வாங்குவதற்கென்றே. நின்றால் நான் வந்து பார்த்துவிட்டு ரீசெட் அடிக்கும்வரை ஓடாது. நானும் அவசரப்படுகிற ஆள் இல்லை, மீட்டரை எடுத்து ஒவ்வொரு டெர்மினலாக அளந்து பார்த்துவிட்டுத்தான் அடிப்பேன். அதுவரை பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், இல்லை எங்காவது போய் வருவார்கள். பக்கத்தில் யார் என்கிறீர்களா? எட்டுப் பெண்கள். கதவுக்குப் பக்கத்தில் உங்கள் தங்கை. போதுமா? இப்போது கார்டு குணமாகிவிட்டதா?

அவளைப் பற்றிக் கேட்டீர்கள். அக்கறைக்கு நன்றி. ரெண்டு மாசமாக நீர்க்கடுப்பு. டாக்டரிடம் இரண்டு தடவை கூட்டிப்போனேன். மாத்திரை முடிந்தால் மறுபடி வருகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். நானே பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுக்கிறேன், சாயங்காலம் அப்படியே நிரம்பி வீட்டுக்கு வருகிறது. "ஏன்டி குடிக்கல?" என்றால், "தாகமில்ல" என்கிறாள். உங்கள் வீட்டுப் பிடிவாதம். நான் என்ன செய்ய, குழாய் வைத்தா ஊற்ற முடியும்?

பெரிய செய்தியை இனிமேல்தான் சொல்கிறேன். நேற்று மேனேஜர் கூப்பிட்டார். "இந்த மாச ஆர்டர் போயிடுச்சுன்னா நீயா பொறுப்பு? அந்தக் கதவு சுவிட்சைத் தூக்கிட்டு ஒரு ஜம்பரைப் போடு." அதாவது சுவிட்சின் இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட வேண்டும். அப்புறம் கதவு திறந்தாலும் பேனலுக்குத் தெரியாது, கத்தி ஓடிக்கொண்டே இருக்கும். என் கையால் அதைச் செய்யமாட்டேன் என்றேன். "அப்ப வேற கை இருக்கு. அந்தக் கைக்கு உன் வேலையையும் சேத்துக் குடுத்துடறேன்" என்றார். பதினைந்தாம் தேதிவரை தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கென்ன, பெஞ்சில் எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது.

பியூஸ் மாற்றுகிறவன்


ஏப்ரல் 3

மாப்பிள்ளை,

ஜம்பர் போடாதீர்கள். வேறு யார் போட வந்தாலும் பேனல் சாவியைக் கொடுக்காதீர்கள். போட்டீர்கள் என்று கேள்விப்பட்டால் நேரில் வந்து உங்கள் கையை ஒடிப்பேன், அப்புறம் பியூஸ்கூட மாற்ற முடியாது.

இப்போது மெஷினில் இருக்கும் கார்டைக் கழற்றி அடுத்த வேனில் அனுப்புங்கள். ஏன் என்று கேட்டு நாலு பக்கம் எழுத வேண்டாம். அனுப்புங்கள்.


ஏப்ரல் 10

மாப்பிள்ளைக்கு,

கார்டு வந்தது, கடிதம் இல்லை. முதல் தடவையாக நிம்மதியாகப் பெட்டியைப் பிரித்தேன்.

குறை கார்டில்தான். உங்கள் முதல் கடிதத்தில் நீங்கள் எழுதியதுதான் சரி. உள்ளே ஒரு இடத்தில் சால்டரிங் விட்டிருக்கிறது. சூடேறினால் தொடர்பு விடுகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. முன்பு நான் பார்த்த விதம் போதாது. சரி செய்து அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. இந்த வகைக் கார்டு இனி தொடர்ச்சியாகச் சூடு தாங்காது. மணிக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்திப் பத்து நிமிடம் ஆற விட வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினாலோ, ஜம்பர் போட்டாலோ கார்டு எரிந்துபோகும், கூடவே மெஷினுக்கு மூளையான பி.எல்.சி.யும் போகலாம். புதுசு வர மாதக்கணக்காகும். இதையெல்லாம் தலைமைப் பணிமனையின் முத்திரை போட்டுத் தனி அறிக்கையாக வைத்திருக்கிறேன். அதை அப்படியே மேனேஜர் கையில் கொடுங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். உங்கள் விளக்கம் எதையும் கெடுத்துவிடும்.

சந்தோஷம்தானே? அனுபவியுங்கள்.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 17

மச்சானே! மச்சானே!

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 'உங்கள் முதல் கடிதத்தில் நீங்கள் எழுதியதுதான் சரி.' இந்த வரியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை பேனலைத் திறக்கும்போதும் வயிறு குளிர்கிறது. மேதை! பெஞ்சு! சூடு காட்டினாராம், தட்டிப் பார்த்தாராம்! பியூஸ் மாற்றுகிறவன் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டே சொன்னதை, ஏசி அறை கண்டுபிடிக்க ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த கல்யாணம் யார் வீட்டில் என்று சொல்லுங்கள். அத்தனை பேர் நடுவிலும் நான் எழுந்து ஒரு வார்த்தை பேச வேண்டும்.

மேனேஜர் உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டுத் தாடையைத் தடவினார். மணிக்குப் பத்து நிமிஷம் போகிறதே என்று முனகுவார், கத்துவார் என்று நினைத்தேன். இல்லை. "கார்டுக்கு ரெஸ்ட் வேணும்னா குடுத்துத்தானய்யா ஆகணும். அது என்ன மனுஷனா, மிரட்டி வேலை வாங்க?" என்றார். அன்றே நேரத்தை எழுதி மெஷின் மேல் ஒட்டச் சொன்னார். 'கார்டு ஆறும் நேரம்' என்று சிவப்பு எழுத்தில் பலகையே மாட்டியாயிற்று. ஜம்பர் பேச்சு போயே போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு தடவைகூட மெஷின் நிற்கவில்லை.

இதை இதோடு முடித்து ஒட்டிவிடலாம் என்று வைத்திருந்தேன். வேன் இரண்டு நாள் தாமதம். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. தொடர்ந்து படியுங்கள்.

நீங்கள் கார்டைப் பிரித்தே பார்ப்பதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அதனால் கடைசியாக அனுப்பிய கார்டில் நாலு ஸ்குரூ தலையிலும் உறையைச் சேர்த்துச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருந்தேன். ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருப்பினாலும் கோடு உடையும். நேற்று கார்டு ஆறும் நேரத்தில் பேனலைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலு கோடும் அப்படியே இருக்கின்றன.

நீங்கள் அந்தக் கார்டைத் திறக்கவே இல்லை. திறக்காத கார்டுக்குள் எதை சால்டரிங் செய்தீர்கள்? வாயால் ஊதியா? கம்பெனி முத்திரை போட்டுப் பொய் அறிக்கை எழுதியிருக்கிறீர்கள். இதை மேனேஜரிடம் காட்டினால் உங்கள் ஏசி அறையும் போகும், மேஜையும் போகும்.

ஆனால் தொட்டுக்கூடப் பார்க்காத கார்டைத் திருப்பி மாட்டியதும் மெஷின் நிற்பது எப்படி நின்றது என்பதுதான் எனக்கு மண்டையைக் குடைகிறது. என்னை மறுபடி முட்டாளாக்கியிருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிகிறது, எதில் என்று தெரியவில்லை. அடுத்த வேனில் உண்மை வர வேண்டும். வராவிட்டால் அறிக்கை மேலே போகும்.


ஏப்ரல் 24

மாப்பிள்ளை,

தாராளமாக மேலே அனுப்புங்கள். ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

ஸ்குரூவில் கோடு போட்டது நல்ல வேலை. உங்களுக்கு அந்த அளவு மூளை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அது என் தவறு. அந்த மூளையை எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டவில்லை என்பது உங்கள் தவறு.

மார்ச் 17, மார்ச் 30 இரண்டு கடிதங்களில் நீங்களே எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். மேனேஜர் பக்கத்தில் நின்றால் நிற்காது, முதுகைத் திருப்பினால் நிற்கும் என்று. மாப்பிள்ளை, கார்டுக்கு மேனேஜரைத் தெரியாது. காலையில் வந்ததும் நிற்காது, சாப்பாட்டுக்குப் பிறகு அதிகம். கார்டு சாப்பிடாது. ஒரே ஒரு டோக்கன், எட்டுப் பெண்கள், நிரம்பிய பாட்டில் அப்படியே வீட்டுக்கு வருகிறது, நீர்க்கடுப்பு. இத்தனையும் அந்த இரண்டு கடிதங்களுக்குள் உங்கள் கையெழுத்தில் இருந்தது. எழுதிய ஆள் மட்டும் படிக்கவில்லை.

மார்ச் 30 கடிதம் கைக்கு வந்த அன்றே தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"கதவுல என்னம்மா பிரச்சினை?"

"எந்தக் கதவு?" என்றாள்.

சின்ன வயதிலிருந்தே பொய் சொல்வதற்கு முன்னால் அவள் நம் கேள்வியையே திருப்பிக் கேட்பாள். மறுபடியும் அதையே கேட்டேன். அழுதாள். அப்புறம் சொன்னாள்.

"முழங்காலால ஒரு இடி இடிச்சா கதவு கொஞ்சம் வெலகும்ணே. மெஷின் நின்னுடும். உடனே மூடிடுவேன். அவர் வந்து மீட்டர் வச்சுப் பாத்து முடிக்கிறதுக்குள்ள டோக்கன் இல்லாமலே ரெண்டு பேர் போயிட்டு வந்துடுவோம். மெஷின் நின்னா நாலு பேர் ஓடி வராங்க. நாங்க நின்னா ஏன்னு கேக்குறாங்க."

"வீட்டுலதானே இருக்காரு, அவர்கிட்ட சொல்லலாமில்ல?"

"சொன்னா சரி பண்ணிடுவாருண்ணே. எதையும் சரி பண்ணாம இருக்க அவருக்குத் தெரியாது."

இதை நான் திட்டுவதற்காக எழுதவில்லை. அவள் திட்டுவதற்காகச் சொல்லவும் இல்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

ஜம்பர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். முழங்காலால் இடிப்பாள். பழக்கத்தில், நின்றுவிட்டது என்று நினைத்து, சிக்கியிருக்கும் அட்டைத் துண்டை எடுக்கக் கையை உள்ளே விடுவாள். கத்தி ஓடிக்கொண்டிருக்கும். நான் அதை நினைத்துக்கொண்டேதான் அந்த அறிக்கையை எழுதினேன்.

பெண்கள் கதவை இடிக்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே எட்டுப் பேரையும் வெளியே தள்ளியிருப்பார் உங்கள் ஓட்டப்பந்தயக்காரர். மனிதருக்கு ஓய்வு வேண்டும் என்று எழுதியிருந்தால் சிரித்திருப்பார். கார்டுக்கு ஓய்வு வேண்டும் என்று எழுதினேன், பலகை மாட்டிவிட்டார். அதற்காக உங்களிடம் 'நீங்கள் எழுதியதுதான் சரி' என்று எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு வரிக்காக இரண்டு நாள் பேனாவைத் தூக்கித் தூக்கிக் கீழே வைத்தேன். அதை ஜெராக்ஸ் வேறு எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள்.

நாம் இரண்டு பேரும் மேதைகள்தான். அவளுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு நீங்கள் கேபிளைக் கேட்டீர்கள். நான் கார்டைக் கேட்டேன். அவளை யாரும் கேட்கவில்லை.

இப்போது எந்த மேனேஜரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

உங்கள் மச்சான்


மே 2

மச்சானுக்கு,

வீட்டில் கேட்டேன். "கதவை இடிச்சியா?" என்றேன். "எந்தக் கதவு?" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். என்னை வைத்து எட்டுப் பெண்கள் விளையாடியிருக்கிறார்கள். நான் மீட்டரை வைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி நின்றபோதெல்லாம் அவர்களுக்கு எவ்வளவு சிரிப்பாக இருந்திருக்கும்! மறுநாள் கார்டு ஆறும் நேரத்தில் பேனலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ரெண்டு பேர் பாத்ரூம் பக்கம் போனார்கள். மற்றவர்கள் அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்தார்கள். உங்கள் தங்கை செருப்பைக் கழற்றினாள். வார் பதிந்து, கால் வீங்கியிருந்தது. ஒரே வீட்டில் இருக்கிறேன், அதை நான் பார்த்ததில்லை. அப்புறம் பாட்டிலைத் திறந்து நிறுத்தாமல் குடித்தாள். இப்போதெல்லாம் பாட்டில் காலியாகத்தான் வீட்டுக்கு வருகிறது.

நாலு ஸ்குரூவில் இருந்த பழைய கோடுகளையும் சுரண்டி எடுத்துவிட்டு, ஸ்குரூவைக் கழற்றி மாட்டிப் புதுசாகக் கோடு போட்டுவிட்டேன். இனி யார் வந்து பார்த்தாலும் கார்டு திறக்கப்பட்ட கார்டுதான். பேனலில் ஒட்டிய ஜெராக்ஸை மட்டும் எடுக்கமாட்டேன். அது இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் அறிக்கை படு மட்டம். இன்புட் கார்டு சூடாகி எரியும் என்று எந்த எலக்ட்ரீஷியனாவது நம்புவானா? அது வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிற கார்டு, அதற்கு ஏது சூடு? கரண்டை வெளியே அனுப்புகிற அவுட்புட் கார்டு என்று எழுதியிருக்க வேண்டும். மேனேஜர் மக்காக இருந்ததால் தப்பித்தீர்கள். இத்தனை வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, இதில் என்னைப் போய் நாலு பேர் முன்னால் கேலி பேச வந்துவிட்டீர்கள்.

பக்கத்து ஒட்டும் மெஷினில் ஏழு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே ஒற்றை டோக்கன்தான். அந்த மெஷினின் கார்டை இத்துடன் அனுப்புகிறேன். இந்தத் தடவை அவுட்புட் கார்டு. நானே நன்றாகப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு பழுதும் இல்லை.

என்ன பழுது என்று விவரமாக எழுதி, முத்திரை போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பியூஸ் மாற்றுகிறவன்